நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு வளர்சிதை மாடல்: எல்லா ஜோடியும் நட்பாகவே வருகிறதே, நம்பலாமா?

#1 – புதுத்தளிர்

வணக்கம். நான் மெட்டாஜீனோம் (ஒரு மாதிரியில் இருக்கும் எல்லா உயிரிகளின் மரபணுக்களையும் சேர்த்துப் படிப்பது) பக்கத்திலிருந்து வருகிறேன், மாடலிங் எனக்குப் புதிது. குடலில் வாழும் 12 இனங்களின் மரபணுத்தொகுதிகளை எடுத்து, தானாக மாடல் கட்டித்தரும் கார்வ்மீ என்ற கருவியில் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்சிதை மாடல், அதாவது செல்லின் வேதிவினைகளின் கணித மாடல், செய்தேன். சில மாடல்களில் விட்டுப்போன கடத்தல் வினைகளை (சேர்மத்தைச் செல் சவ்வைத் தாண்டிக் கொண்டுபோகும் வினைகள்) நானே கையால் சேர்த்தேன். பிறகு மாடல்களை ஓட்டும் கோப்ராபை என்ற மென்பொருளில் இரண்டிரண்டாக இணைத்து 66 ஜோடிகளையும் ஓட்டினேன். இருவரின் வளர்ச்சி வேகத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அதிகபட்சமாக்குவதுதான் இலக்கு. வளர்ப்பு ஊடகத்தில் எதையும் மாற்றவில்லை, எல்லாப் பரிமாற்ற வினைகளும் (ஊடகத்திலிருந்து எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று சொல்பவை) திறந்தே இருந்தன.

முடிவைப் பார்த்தால் பெரும்பாலான ஜோடிகள் சேர்ந்து வளரும்போது தனியாக இருப்பதைவிட வேகமாக வளர்கின்றன. போட்டி என்று வந்தவை மிகச் சில. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே உணவுக்கு அடித்துக்கொள்ளும் இனங்கள் என்று படித்தவைகூட இதில் நட்பாக வருகின்றன. எங்கே தவறுகிறேன்? இதை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போகலாமா?

#2 – கரிச்சுழற்சி

போக வேண்டாம் தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று இடங்கள் உறுத்துகின்றன: எல்லாம் திறந்த ஊடகம், கூட்டுத்தொகை இலக்கு, கையால் சேர்த்த வினைகள். முதலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதை அணிக்கோவை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இந்த மாடல் எதைக் கணக்கிடுகிறது என்பதில் தெளிவு வேண்டும். ஒரு பெரிய அணி. வரிசைக்கு ஒரு சேர்மம், நிரலுக்கு ஒரு வினை. செல்லுக்குள் எந்தச் சேர்மமும் தேங்காது, எதுவும் குறையாது, உண்டாகும் அளவும் செலவாகும் அளவும் சமம் என்று வைத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் உயிர்த்திரள் வினையின், அதாவது செல் தன் உடலைக் கட்டும் வினையின், பாய்வை (அது நடக்கும் வேகத்தை) எவ்வளவு உயர்த்தலாம் என்று நேரியல் திட்டமிடல் தேடுகிறது. அவ்வளவுதான் பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு. செல்லுக்குள் எந்தச் சேர்மம் எவ்வளவு செறிவில் இருக்கிறது, எந்த மரபணு இப்போது அணைந்திருக்கிறது, எந்த நொதி மெதுவானது, இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே நீங்கள் உள்ளே விடும் உணவுப் பட்டியல்தான் பாதி விடை.

ஈ. கோலையின் சிறிய மைய மாடலை எடுத்து ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள். 95 வினைகள், 72 சேர்மங்கள், கண்ணாலேயே தொடர்ந்து பார்த்துவிடலாம். குளுக்கோஸ் உள்ளே வரும் வேகத்தை 10 என்று வையுங்கள், அதாவது ஒரு கிராம் உலர்எடைக்கு ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமோல். ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 என்று வரும். வெளியே போவது கரியமிலவாயுவும் தண்ணீரும் புரோட்டானும்தான், அசிட்டேட் ஒரு துளிகூட இல்லை. இப்போது ஆக்சிஜனை மூடுங்கள். வேகம் 0.212 ஆக விழும். ஆனால் வெளியே அசிட்டேட் 8.5, எத்தனால் 8.3, ஃபார்மேட் 17.8 என்று கொட்டும்.

மாற்றியது ஒரே ஒரு எல்லை எண். ஆக்சிஜன் திறந்திருந்தபோது இந்த உயிரி பக்கத்தில் இருப்பவருக்கு எதையும் தரவில்லை. மூடியதும் மூன்று விதமான உணவைத் தருகிறது. குறுக்கு ஊட்டம் என்று நாம் சொல்வது முழுக்க இந்த வெளியேற்றத்திலிருந்து பிறப்பதுதானே? அப்படியிருக்க ஊடகத்தை எழுதாமல் உறவைப் பற்றிப் பேசவே முடியாது.

உங்கள் மாடல்களில் எல்லாப் பரிமாற்ற வினைகளும் திறந்திருக்கின்றன என்றால் குடல் உயிரிகளுக்கு ஆக்சிஜனும் போயிருக்கும். அதை முதலில் பாருங்கள்.

#3 – அணிக்கோவை

கூட்டுத்தொகை இலக்கைப் பற்றி.

இரண்டு இனங்களுக்கும் ஒரே உணவு, அளவும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இனம் அந்த உணவில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக உயிர்த்திரள் செய்கிறது. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் நேரியல் இலக்குக்கு அந்தக் கொஞ்சமே போதும், கடைசித் துளி உணவுவரை முதல் இனத்துக்கே கொடுத்துவிடும். மற்றது பட்டினி. அதுதான் கணக்கின்படி மிகச் சிறந்த தீர்வு. உணவு கணக்கில்லாமல் திறந்திருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். யாருக்கும் குறைவே வராது, போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு இனம் தயாரிக்க முடியாத ஏதோ ஒரு பொருளை மற்றது கசியவிட்டால் போதும், வளர்ச்சி கூடிவிடும், நீங்கள் அதை நட்பு என்று எண்ணிவிடுவீர்கள். உங்களுக்கு நடந்தது இது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலைப் பலர் பல வழியில் கையாண்டிருக்கிறார்கள். 2012 இல் வந்த ஆப்ட்காம் இரண்டு அடுக்காகப் போகிறது: உள்ளே ஒவ்வொரு இனமும் தன் வளர்ச்சியைத் தேடும், வெளியே கூட்டம் முழுவதன் இலக்கு. 2017 இல் வந்த ஸ்டெடிகாம் எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்கிறது. ஒரு கூட்டம் நிலையாகச் சேர்ந்து வாழ வேண்டுமானால் எல்லோரும் ஒரே வேகத்தில்தான் வளர வேண்டும், இல்லாவிட்டால் வேகமானது மற்றவற்றை மூழ்கடித்துவிடும். அந்தப் பொது வேகத்தை எவ்வளவு உயர்த்தலாம், அப்போது யார் எந்த அளவில் இருப்பார்கள்? இதுதான் அதன் கணக்கு.

உங்களிடம் மெட்டாஜீனோமிலிருந்து இனங்களின் அளவு விகிதம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் 2020 இல் வந்த மைகாம் பொருந்தும். அது முதலில் கூட்டத்தின் உச்ச வளர்ச்சியைக் கண்டுபிடிக்கும். அதில் ஒரு பங்கை மட்டும் வற்புறுத்திக்கொண்டு, தனித்தனி வளர்ச்சி வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டி அதைச் சிறிதாக்கும். வர்க்கம் ஏன் என்றால், 10 பங்கை 9, 1 என்று பிரித்தால் வர்க்கங்களின் கூடுதல் 82. 5, 5 என்று பிரித்தால் 50. ஆகவே கணக்கு தானாகவே பகிர்ந்துகொடுக்கும் பக்கம் சாயும். ஒருவர் எல்லாவற்றையும் விழுங்கும் தீர்வு போய்விடும்.

அப்புறம் யாரும் கவனிக்காமல் விடும் ஒன்று. உயிர்த்திரள் வினையின் இடப்பக்கத்தில் இருக்கும் அமினோ அமிலம், கொழுப்பு, நியூக்ளியோடைடு எல்லாவற்றின் எடையையும் கூட்டினால் ஒரு மில்லிமோல் உயிர்த்திரளுக்கு ஒரு கிராம் வர வேண்டும். ஏதோ ஒரு மாடலில் அது அரை கிராம்தான் வருகிறது என்றால், அந்த இனம் பாதிப் பொருளில் முழு செல்லைக் கட்டுகிறது என்று அர்த்தம். தனியாக ஓட்டும்போது உறுத்தாது. கூட்டத்தில் சேர்த்தால் அது எல்லோரையும் வென்றுவிடும். 12 மாடலுக்கும் கூட்டிப் பாருங்கள்.

#4 – பெட்ரித்தட்டு

நான் மாடல் எழுதுபவள் இல்லை, காற்றில்லாப் பெட்டிக்குள் கையை விட்டு வளர்ப்பவள். ஆகவே என் பக்கத்துக் கவலையைச் சொல்கிறேன்.

பிஃபிடோபாக்டீரியம் ஒன்றை ஏராளமான சர்க்கரையில் வளர்த்தால் அசிட்டேட்டும் லாக்டேட்டும் வரும். அது இந்தத் துறையில் யாருக்கும் தெரிந்த விஷயம். அந்த லாக்டேட்டை அனெரோஸ்டைப்ஸ் மாதிரி இனங்கள் எடுத்து பியூட்டிரேட் ஆக்கும். குடல் கூட்டத்தில் இதைவிட முக்கியமான உறவு குறைவு. ஆனால் எனக்காக ஒருவர் ஓட்டித் தந்த மாடலில் லாக்டேட் வரவே இல்லை. அசிட்டேட், ஃபார்மேட், எத்தனால் என்று வந்தது. என் குடுவையில் லாக்டேட் இருக்கிறது, கருவி காட்டுகிறது, மாடலில் இல்லை. எதை நம்பச் சொல்கிறீர்கள்?

2024 இல் ஒரு மதிப்பீட்டு ஆய்வும் வந்தது. பாய்வுச் சமநிலையை அடிப்படையாகக் கொண்ட கருவிகளை எடுத்து, அவை சொல்லும் உறவின் வலிமையை ஆய்வகத்தில் அளந்த கூட்டு வளர்ப்புத் தரவுடன் ஒப்பிட்டார்கள். கவனமாகக் கையால் சீர்செய்த மாடல்களைத் தவிர மற்றவற்றில் ஒப்புமை கிடைக்கவில்லை. புதுத்தளிர் செய்திருப்பது தானியங்கி மாடல். இந்த 66 விடையில் ஒன்றையும் நான் குடுவைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

#5 – மீத்தேன்வாசி

பெட்ரித்தட்டு சொல்வது சரியான கவலை. ஆனால் இந்த முறை முதன்முதலில் கூட்டத்தின் மீது ஓட்டப்பட்டபோது என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும்.

மெத்தனோபாசிலஸ் ஒமெலியான்ஸ்கி என்று ஒரு உயிரி இருந்தது. 1940 இல் விவரிக்கப்பட்டது. எத்தனாலைத் தின்று மீத்தேன் தரும் ஒற்றை இனம் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள். 1967 இல் பிரையன்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் அது ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். ஒன்று எத்தனாலை அசிட்டேட் ஆக்கி ஹைட்ரஜனை விடுகிறது. மற்றது அந்த ஹைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்குகிறது. எத்தனாலை அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் ஆக்கும் வினை, நியம நிலையில் மோலுக்கு சுமார் 9.6 கிலோஜூல் மேடேற வேண்டிய வினை. தானாக நடக்காது. பக்கத்தில் இருப்பவர் ஹைட்ரஜனை விடாமல் தின்றுகொண்டே இருந்தால்தான் அது இறக்கமாகிறது. ஒருவர் இல்லாமல் ஒருவர் இல்லை. இதைப் படித்த நாள்தான் நான் காற்றில்லா உயிரிகள் பக்கம் வந்தேன்.

2007 இல் இதே மாதிரி ஒரு ஜோடிக்குத்தான் முதல் கூட்டு மாடல் வந்தது: டிசல்ஃபோவிப்ரியோ வல்காரிஸும் மெத்தனோகாக்கஸ் மாரிபலூடிஸும். சல்ஃபேட் இல்லாத ஊடகம், உணவு லாக்டேட். இரண்டு உயிரிக்கும் ஆளுக்கொரு அறை, பொதுவான வெளி ஊடகத்துக்கு மூன்றாவது அறை என்று மைய வளர்சிதை வினைகளை மட்டும் எழுதினார்கள். சேர்மங்களின் ஓட்டமும் இரண்டு இனங்களின் எண்ணிக்கை விகிதமும் பரிசோதனையோடு ஒத்துப்போயின. இன்னொன்றும் தெரிந்தது. இருவருக்கும் இடையே எலக்ட்ரானைச் சுமக்க ஃபார்மேட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது.

அங்கே ஏன் பலித்தது? வேறு வழியே இல்லாத கூட்டம் அது. இரண்டு பேருக்கும் ஆற்றல் கடுகளவு. உணவு ஒன்று, பாதை ஒன்று. நிறைப்பாதுகாப்பு மட்டுமே முக்கால்வாசி விடையைத் தந்துவிடுகிறது. குடல் அப்படியில்லை, நூறு வழி இருக்கிறது. நூறு வழி இருக்கும் இடத்தில், இவற்றில் எதை உயிரி தேர்ந்தெடுக்கும் என்று மாடலிடம் கேட்டால் அது ஊகம்தான் சொல்லும். எந்த வழி இருக்கவே முடியாது என்று கேட்டால் அங்கேயும் நன்றாகச் சொல்லும். கேள்வியை அந்தப் பக்கம் திருப்புங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

#6 – புதுத்தளிர்

எல்லோருக்கும் நன்றி. ஆக்சிஜன் திறந்துதான் இருந்தது, பார்த்துவிட்டேன். மூடிவிட்டு மீண்டும் ஓட்டுகிறேன்.

பெட்ரித்தட்டு அக்கா சொன்ன லாக்டேட் விஷயம் எனக்கும் நடந்தது. என் 12 இல் ஒரு பிஃபிடோபாக்டீரியம் இருக்கிறது, அதிலும் லாக்டேட் வரவில்லை. லாக்டேட்டை வெளியே விடும் கடத்தி இல்லாததால்தான் என்று நினைத்து, அந்த மாடலிலும் இன்னும் மூன்றிலும் ஒரு லாக்டேட் கடத்தல் வினையைச் சேர்த்தேன். அதன் பிறகும் வரவில்லை. ஆனால் வளர்ச்சி வேகம் கூடிவிட்டது! இது ஏன் என்று புரியவில்லை.

#7 – கரிச்சுழற்சி

வளர்ச்சி கூடிவிட்டது என்ற அந்த ஒரு வரிக்காகவே இந்த இழையைத் திறந்தது நல்லது. உங்கள் மாடலில் இலவச ஆற்றல் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு மாடலிலும் எல்லா உள்வாங்கல்களையும் பூச்சியமாக்குங்கள். உணவே கிடையாது. பராமரிப்பு ஏடிபி வினைக்கு (செல் உயிரோடிருக்கவே செலவிடும் ஏடிபி, அதாவது ஆற்றலைச் சுமக்கும் சேர்மம்) கீழெல்லை ஏதாவது இருந்தால் அதையும் பூச்சியமாக்க மறக்காதீர்கள். மைய மாடலில் அது 8.39. அதை விட்டுவிட்டு ஓட்டினால் பழுதில்லாத மாடலில்கூடத் தீர்வு இல்லை என்று வந்து, நீங்கள் குழம்பிவிடுவீர்கள். இப்போது ஏடிபியை (ATP) ஏடிபீ (ADP) ஆக உடைக்கும் வினையை அதிகபட்சமாக்குங்கள். பெயரில் குழப்பம் வராமல் இருக்கச் சொல்கிறேன்: மூன்று பாஸ்பேட் உள்ளது இரண்டு பாஸ்பேட் உள்ளதாகும் வினை. பட்டினியில் கிடக்கும் செல் ஆற்றல் தயாரிக்க முடியாது, ஆகவே விடை பூச்சியமாக இருக்க வேண்டும். 1000 என்று, அதாவது வினைக்கு வைத்த மேல்வரம்பு வரை, வந்தால் எங்கோ ஒரு வளையம் காற்றிலிருந்து ஆற்றல் எடுக்கிறது.

நீங்கள் சேர்த்த லாக்டேட் வினையை எப்படி எழுதினீர்கள்? வெளி லாக்டேட், உள் லாக்டேட் என்று மட்டுமா, புரோட்டானும் சேர்த்தா?

அடுத்து, பெட்ரித்தட்டு கேட்டதற்கு. உங்கள் மாடல் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை, தனக்கு இட்ட வேலையைச் செய்தது. பிஃபிடோபாக்டீரியத்துக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. அதில் ஆல்டோலேஸ் கிடையாது, பாஸ்போகீட்டோலேஸ் நொதிதான் மையம். அந்தப் பாதையில் இரண்டு குளுக்கோஸுக்கு மூன்று அசிட்டேட், இரண்டு லாக்டேட், ஐந்து ஏடிபி. இனி லாக்டேட் ஆக வேண்டிய இரண்டு பைருவேட்டையும் உடைத்து இரண்டு ஃபார்மேட்டும், மிச்சத்தில் ஒரு எத்தனாலும் ஒரு அசிட்டேட்டும் ஆக்கினால்? எலக்ட்ரான் கணக்கு அப்போதும் சரியாக வருகிறது. ஆனால் கூடுதலாக வந்த அசிட்டேட் ஒரு ஏடிபியைத் தருகிறது. ஐந்துக்குப் பதில் ஆறு. உச்ச வளர்ச்சியைத் தேடு என்று சொன்னால் எந்த மாடலும் ஆறைத்தான் எடுக்கும். நான் மேலே சொன்ன ஈ. கோலை மாடலும் காற்றில்லாதபோது லாக்டேட் தராததற்குக் காரணம் இதே வகைதான்.

உயிருள்ள பிஃபிடோபாக்டீரியம் இரண்டையும் செய்யும். சர்க்கரை தாராளமாக இருந்து வேகமாக வளரும்போது லாக்டேட் பக்கம், சர்க்கரை சொட்டுச்சொட்டாக வரும்போது ஃபார்மேட், எத்தனால் பக்கம். அக்காவின் குடுவை தாராளமான சர்க்கரை. மாடல் சொன்னது பஞ்ச காலத்து நடத்தை.

#8 – பெட்ரித்தட்டு

இது எனக்கு யாரும் சொன்னதில்லை. நன்றி. மாடல் தவறு என்று ஓரமாக வைத்துவிட்டேன், நான் அளந்த நிலையும் அது கணக்கிட்ட நிலையும் வேறு என்று யோசிக்கவில்லை.

ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. உயிரி எப்போதும் உச்ச வளர்ச்சியைத் தேடுகிறது என்று யார் சொன்னது? ஒரு கிராம் சர்க்கரைக்கு எவ்வளவு உயிர்த்திரள் என்பதைத்தான் உங்கள் கணக்கு உயர்த்துகிறது. என் உயிரிக்கு விளைச்சலைவிட வேகம் முக்கியமாக இருக்கலாம். வீணடித்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர் தின்பதற்குள் தின்றுவிட வேண்டும். அந்த வீணடிப்பில்தான் மற்றவர்கள் வாழ்கிறார்கள்.

#9 – அணிக்கோவை

அந்தக் கேள்வி நியாயமானது. சாதாரண மாடலில் நொதிக்கு விலை கிடையாது. நீளமான பாதையும் குட்டையான பாதையும் ஒன்றுதான், ஏடிபி அதிகம் தருவது வெல்லும். செல்லிலோ ஒவ்வொரு நொதியையும் புரதமாகக் கட்ட வேண்டும், புரதத்துக்கு இடம் குறைவு. அந்த வரம்பையும் கணக்கில் சேர்க்கும் மாடல்கள் இருக்கின்றன, 2017 இல் ஈஸ்டுக்கு வந்த கெக்கோ அவற்றில் ஒன்று. அதில் ஆக்சிஜன் இருந்தும் எத்தனால் வழிவது தானாகவே வருகிறது. ஆனால் ஒவ்வொரு நொதியின் வேகமும் தெரிய வேண்டும். குடல் உயிரிகளுக்கு அந்தத் தரவு மிகக் குறைவு.

எளிய வழி: உச்சம் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். உச்ச வளர்ச்சியில் 90 விழுக்காட்டைக் கட்டாயமாக்கிவிட்டு, லாக்டேட் பாய்வின் சிறுமமும் பெருமமும் என்ன என்று கேளுங்கள். பாய்வு வீச்சுப் பகுப்பாய்வு என்று இதைச் சொல்வோம். பூச்சியத்திலிருந்து ஏதோ ஒரு எண் வரை வரலாம் என்று வந்தால், மாடல் லாக்டேட்டை மறுக்கவில்லை என்று பொருள். பெருமமும் பூச்சியம் என்றால்தான் மறுக்கிறது. ஒரே உச்ச வளர்ச்சியைத் தரும் பாய்வுத் தொகுப்புகள் பல இருக்கும், சால்வர் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டுகிறது, வேறொரு சால்வர் வேறொன்றை நீட்டலாம். அந்த ஒன்றை வைத்து யார் யாருக்கு என்ன கொடுக்கிறார் என்று அம்புக்குறி வரைவதை நான் பல கட்டுரைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

#10 – மீத்தேன்வாசி

பெட்ரித்தட்டுக்காக ஒரு நல்ல உதாரணம். 2014 இல் கோமெட்ஸ் என்ற கருவியை வைத்து வந்த வேலை. இதில் கூட்டத்துக்கென்று ஒரு பொது இலக்கே கிடையாது. ஒவ்வொரு உயிரியும் அந்தந்தக் கணத்தில், தான் நிற்கும் கட்டத்தில் இருக்கும் உணவை வைத்துத் தனக்காக மட்டும் வளரும். சேர்மங்கள் பரவும், குறையும், அடுத்த கணம் வரும்.

ஜோடி இதுதான். மெத்தியோனைன் செய்ய முடியாத ஈ. கோலை, மெத்தியோனைனை வெளியே விடும்படி வளர்த்தெடுத்த சால்மொனெல்லா. உணவு லாக்டோஸ். அதை ஈ. கோலைதான் தின்ன முடியும். சால்மொனெல்லாவுக்கு ஈ. கோலை விடும் அசிட்டேட்தான் சாப்பாடு. இருவரும் எந்த விகிதத்தில் போய் நிற்பார்கள் என்று மாடல் சொன்னது குடுவையோடு ஒத்துப்போனது. மூன்றாவதாக மெத்திலோபாக்டீரியத்தைச் சேர்த்தபோதும் அப்படியே.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. தட்டில் இரண்டு கூட்டாளிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு போட்டியாளரை வைத்தால் என்ன ஆகும்? வழியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றுவிடும், பின்னால் இருப்பது கெடும் என்றுதான் யாரும் சொல்வோம். மாடல் நேர்மாறாகச் சொன்னது: மொத்தத்தில் பின்னால் இருப்பதற்கு நன்மை. தட்டில் வைத்துப் பார்த்தார்கள், அப்படியே நடந்தது. நடுவில் இருப்பது அந்தப் பக்கத்துக் கூட்டாளிக்கும் உணவு தருகிறது, கூட்டாளி வளர்ந்து அதிகம் தருகிறது. இந்தச் சுற்று விளைவை மனதில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. இதற்காகத்தான் எனக்கு மாடல் வேண்டும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈ. கோலைக்கு முழு மரபணுத்தொகுதி மாடல் 2000 இலிருந்தே திருத்தித் திருத்தி வந்திருக்கிறது. 2017 இன் மாடலில் 1515 மரபணுக்கள். அத்தனை பேர் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

#11 – கரிச்சுழற்சி

அதே காரணத்துக்காகத்தான் குடல் உயிரிகளுக்கு அகோரா தொகுப்பைப் பார்க்கச் சொல்வேன். 2017 இல் 773 மாடல்களுடன் வந்தது, 2023 இன் இரண்டாம் பதிப்பில் 7302. புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் இருக்கும் வளர்ப்புத் தகவலை வைத்துச் சீர்செய்தவை. உங்கள் 12 இல் எத்தனை அதில் இருக்கின்றன என்று பார்த்து, உங்கள் மாடல், அகோரா மாடல் இரண்டையும் ஒரே ஊடகத்தில் ஓட்டுங்கள். ஒரே மரபணுத்தொகுதியை இரண்டு கருவியில் கொடுத்தால் இரண்டு விதமான மாடல் வரும். இரண்டிலும் நிற்கும் உறவை மட்டும் கையில் எடுங்கள்.

பெயர்களில் கவனம். ஒரு தொகுப்பில் குளுக்கோஸுக்கு இருக்கும் அடையாளக் குறி இன்னொன்றில் வேறு. பொது ஊடக அறையில் இரண்டு குளுக்கோஸ் தனித்தனியாக நின்றால் இரண்டு இனமும் ஆளுக்கொரு தட்டில் சாப்பிடும், போட்டியே வராது.

#12 – புதுத்தளிர்

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்ததைச் சொல்கிறேன்.

பட்டினிச் சோதனையில் 12 இல் நான்கு மாடல்கள் 1000 என்று வந்தன. நான் கைவைத்த அதே நான்கு. கரிச்சுழற்சி அண்ணா கேட்ட கேள்விதான் காரணம். மாடலில் ஏற்கெனவே லாக்டேட்டும் புரோட்டானும் சேர்ந்து கடக்கும் வினை இருந்திருக்கிறது, அது வேறு பெயரில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நான் புரோட்டான் இல்லாமல் லாக்டேட் மட்டும் கடக்கும் வினையைச் சேர்த்தேன். லாக்டேட் ஒரு வழியில் புரோட்டானைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறது, இன்னொரு வழியில் தனியாக உள்ளே வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புரோட்டான் வெளியே. அது திரும்பி ஏடிபி சின்தேஸ் (ஏடிபி செய்யும் நொதி) வழியாக உள்ளே வரும்போது ஏடிபி. செலவு எதுவும் இல்லை. காகிதத்தில் அந்த வளையத்தை வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. என் வினையை நீக்கியதும் நான்கும் பூச்சியம்.

உயிர்த்திரள் எடையைக் கூட்டினேன், ஒரு கிராமுக்குப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கின்றன. ஆக்சிஜனை மூடினேன். ஊடகத்தைப் பெட்ரித்தட்டு அக்கா தனிச் செய்தியில் கொடுத்த பட்டியல்படி, அளவு வரம்போடு எழுதினேன். இலக்கை மாற்றி, பொது வளர்ச்சி வேகம் என்ற முறைக்கு வந்தேன்.

நட்பாக இருந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் போட்டியாகிவிட்டன. மிச்சத்தில் நிறைய பி வகை வைட்டமின் பரிமாற்றம். அவை ஊடகத்தில் வைட்டமின் சேர்த்தால் மறைகின்றன. பிஃபிடோபாக்டீரியம், அனெரோஸ்டைப்ஸ் ஜோடி இரண்டு தொகுப்பிலும் நிற்கிறது. உச்சத்தில் கைமாறுவது அசிட்டேட் மட்டும். 90 விழுக்காட்டில் வீச்சைப் பார்த்தால் லாக்டேட்டின் சிறுமம் பூச்சியம், பெருமம் பூச்சியமில்லை.

#13 – பெட்ரித்தட்டு

இதை நான் குடுவைக்குக் கொண்டுபோகிறேன்.

பிஃபிடோபாக்டீரியத்தைத் தனியாக இரண்டு விதமாக வளர்க்கிறேன். ஒன்றில் குளுக்கோஸ் தொடக்கத்திலேயே முழுவதும், இன்னொன்றில் சிறிது சிறிதாக, வளர்ச்சி மெதுவாக இருக்கும்படி. இரண்டிலும் அசிட்டேட், லாக்டேட், ஃபார்மேட், எத்தனால் நான்கையும் எச்பிஎல்சியில் (கரைசலில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கிறேன். முதலாவதில் அசிட்டேட்டும் லாக்டேட்டும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தை நெருங்குகிறதா, இரண்டாவதில் லாக்டேட் குறைந்து ஃபார்மேட் ஏறுகிறதா என்று பார்க்கலாம். அந்த எண்களை உங்கள் மாடலுக்கு எல்லைகளாகக் கொடுங்கள். அதன் பிறகு அனெரோஸ்டைப்ஸைச் சேர்த்து பியூட்டிரேட் எவ்வளவு வர வேண்டும் என்று நீங்கள் முதலில் எழுதி இங்கே போடுங்கள். நான் அளந்த எண்ணை அதன் கீழே போடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும் தம்பி. என் ஊடகத்தில் ஈஸ்ட் சாறு இருக்கிறது. அதை உங்கள் பட்டியலில் எப்படி எழுதினீர்கள்?

#14 – புதுத்தளிர்

20 அமினோ அமிலங்கள், நியூக்ளியோடைடுகள், வைட்டமின்கள் என்று எழுதியிருக்கிறேன் அக்கா. அளவு என் ஊகம்தான்.

#15 – பெட்ரித்தட்டு

அப்படியானால் ஈஸ்ட் சாறு வேண்டாம். அந்த 20 அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் எடைபோட்டு நானே கலக்கிறேன். இரண்டு இனமும் அதில் வளருமா என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்கே இரண்டு வாரம் பிடிக்கும். வளர்ந்தால் ஒவ்வொன்றும் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற பட்டியலை அனுப்புகிறேன், அதே எண்களை எழுதுங்கள்.